சரவணன் நடந்த நடை



உடல்நலத்துக்கு ஓர் இலக்கு வைப்பது எப்படி, வைத்த இலக்கை எட்டுவது எப்படி? இதுதான் இன்று நான் பேச வந்த பொருள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஜனவரி முதல் தேதி ஒரு சபதம் எடுத்து, தைப்பூசம் வருவதற்குள் அதைக் கைவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? கைவிட்டதற்காக நம்மை நாமே சோம்பேறி என்று திட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? சோம்பேறித்தனத்தால் அந்தச் சபதங்கள் உடைந்தன என்று நான் நம்பவில்லை. சபதம் எடுத்த விதத்திலேயே பிழை இருந்தது என்று நினைக்கிறேன். அதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில், நாம் எங்கிருந்து வந்தோம் என்று பார்ப்போம். இந்த ஜெஞ்சாரோம் ஊரைச் சுற்றி, பந்திங் வரைக்கும், அந்தப் பக்கம் கேரித் தீவு வரைக்கும் தோட்டங்கள். விடியுமுன் பெரட்டு. பால்மரக் காட்டில் நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் நடந்து போய் வெட்ட வேண்டும். வெட்டி முடித்தபின் மறுபடி அதே மரங்களுக்கு நடந்து போய்ப் பாலைச் சேர்க்க வேண்டும். செம்பனைக்கு மாறியபின் குலை வெட்டும் வேலை. இருபது கிலோவைத் தாண்டும் குலையைத் தூக்கி வண்டியில் போட்டவர்கள் நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள். உதிரிப் பழம் பொறுக்கியவர்கள் நம் அம்மாக்கள். அவர்களில் யாராவது உடற்பயிற்சிக்கு இலக்கு வைத்தார்களா? வைக்கவில்லை. வேலையே உடம்பைப் பிழிந்து எடுத்தது. அந்த வாழ்க்கை நல்ல வாழ்க்கை என்று நான் சொல்லவில்லை. அதில் வறுமை இருந்தது, சுரண்டல் இருந்தது, முதுகு ஒடிந்தவர்கள் இருந்தார்கள். உடம்பு அசைந்துகொண்டே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்தோம். தோட்டத்துப் பிள்ளை லாரி ஓட்டுநர் ஆனான், போர்க்லிப்ட் ஓட்டினான், பாதுகாவலர் கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தான், தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்றான். வேலை மாறியது. தட்டில் விழும் சோற்றின் அளவு மாறியதா? காலையில் ரொட்டி சானாய், அதோடு கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், இரவு பாசார் மாலாமில் வாங்கிய பொரித்த கோழி. உழைப்பு போய்விட்டது. உழைப்பவனின் பசி மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது.

அதன் விளைவைச் சுகாதார அமைச்சின் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு அளவுக்கு மேல் எடை, அல்லது உடல் பருமன். 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு. இது நாட்டின் மொத்தக் கணக்கு. நம் கணக்கு என்ன? 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே இனிப்பு நீர் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பெரியவர்களில் ஒருவர்! இந்த மண்டபத்தில் உங்கள் வலப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள், இடப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள். மூன்று பேரில் ஒருவர். கால் விரலை எடுத்துவிட்ட மாமாவை, வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் அத்தையை நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். நான் புதிதாக யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. பயம் ஏற்கெனவே நம் வீட்டுக்குள் இருக்கிறது. பயம் இருந்தும் ஏன் நம்மால் நடக்க முடியவில்லை?

இதற்குப் பதில் தேடும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். கோவிந்தசாமி சரவணன். மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், இளையோருக்காகச் சொல்கிறேன்.

1998, செப்டம்பர் மாதம். கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. ஆண்களுக்கான 50 கிலோமீட்டர் வேக நடை. ஐம்பது கிலோமீட்டர் என்றால் எவ்வளவு தெரியுமா? இங்கிருந்து கிள்ளானையும் தாண்டி, கோலாலம்பூர் நகருக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும் தூரம். அதை ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஒரு பாதமாவது எப்போதும் தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும். முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து, உடம்பு அதற்கு நேர்மேலே வரும்வரை, முட்டி மடங்கக் கூடாது. வழி நெடுக நடுவர்கள் நின்று பார்க்கிறார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் போட்டியிலிருந்து வெளியே. அவசரப்பட்டவனைத் தண்டிக்கும் விளையாட்டு அது!

அன்று முன்னணியில் போனவர் நியூசிலாந்தின் கிரெய்க் பேரட். சாதாரண ஆள் இல்லை, தேர்ந்த நடை வீரர். பின்னால் வந்தவர்களை நிமிடக் கணக்கில் பின்தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். தங்கம் அவருக்குத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் நம் ஊர் வெயிலும் ஈரக் காற்றும் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. முடிவுக் கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவர் உடம்பு நின்றுவிட்டது. தள்ளாடினார், விழுந்தார். நாற்பத்தொன்பது கிலோமீட்டர் நடந்தவர் ஐம்பதாவது கிலோமீட்டரில் விழுந்தார். பின்னால் வந்தார் சரவணன். 4 மணி 10 நிமிடத்தில் கோட்டைக் கடந்தார். காமன்வெல்த் போட்டித் தடகளத்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம்.

பேரட்டின் வீழ்ச்சியைக் கண்டு மகிழ இதைச் சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைத்து நடந்தவர் அவர், என் வணக்கத்துக்குரியவர். நான் சொல்ல வந்தது வேறு. 4 மணி 10 நிமிடத்தை ஐம்பது கிலோமீட்டருக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம். ஐம்பது தடவை ஐந்து நிமிடம். முன்னே போகிறவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று கணக்குப் பார்த்துத் தன் உடம்பை உடைத்துக்கொண்டிருந்தால் சரவணன் கடைசிவரை வந்திருப்பாரா? தங்கம் என்பது அவர் கையில் இல்லாத ஒன்று. முன்னே போகிறவரின் கால்களும் அவர் கையில் இல்லை. அடுத்த கிலோமீட்டர் மட்டும் அவர் கையில் இருந்தது.

அன்பர்களே, நம் இலக்குகள் ஏன் உடைகின்றன என்பதற்கு இதில் விடை இருக்கிறது. நாம் வைக்கும் இலக்குகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். “மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ குறைக்கிறேன்.” “தங்கச்சி கல்யாணத்துக்குள் இந்தச் சட்டை எனக்குப் பிடிக்க வேண்டும்.” “கைத்தொலைபேசியில் பார்த்த அந்தப் பையன்போல் வயிற்றில் கட்டு வர வேண்டும்.” இவை எல்லாம் தங்கப் பதக்கங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தராசில் ஏறும் எண் உங்கள் பேச்சைக் கேட்காது. முந்தின நாள் உப்பு அதிகம் சாப்பிட்டாலே ஏறி நிற்கும். அந்த எண்ணை நம்பி இலக்கு வைத்தவர் இரண்டு வாரம் நடந்துவிட்டுத் தராசில் ஏறுகிறார். எண் மாறவில்லை. மனம் உடைகிறது. நடை நின்றுவிடுகிறது. அந்த இரண்டு வார நடை அவர் ரத்தத்துக்குள் செய்த நன்மையைத் தராசு காட்டவில்லை, அவ்வளவுதான்!

இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. இனிப்பு நீர் வருவதற்கு முந்திய படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போன்ற சாப்பாடு. ஒரு பகுதியினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பகுதியினருக்குச் சாப்பாட்டில் மாற்றம், அன்றாடம் அரை மணி நேரத்துக்குக் குறையாத வேக நடை, தொடர்ந்து விசாரிப்பு. ஏறத்தாழ மூன்று ஆண்டு பார்த்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் நூற்றுக்கு 39 பேர். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நோயின் அபாயம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. தராசு அசையாதபோதும் நடை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது!

எடை குறைந்தால் இன்னும் நல்லது, அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியும் ஒரு குழுவின் இலக்கு. அந்தக் குழுவில் இனிப்பு நீர் வருவது 58 விழுக்காடு குறைந்தது. எண்பது கிலோ ஆளுக்கு 7 விழுக்காடு என்றால் ஐந்தரை கிலோ. பதினைந்து கிலோ இல்லை, இருபது கிலோ இல்லை, ஐந்தரை கிலோ!

அப்படியானால் இலக்கு எப்படி இருக்க வேண்டும்? செய்கிற காரியமாக இருக்க வேண்டும். இன்று செய்தேனா, செய்யவில்லையா என்று படுக்கப் போகும்முன் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். “உடம்பைக் குறைக்கிறேன்” என்பதற்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. “இரவுச் சாப்பாடு முடிந்ததும் தாமானை இரண்டு சுற்று நடக்கிறேன்” என்பதற்குச் சொல்லலாம்.

இன்னும் ஒரு படி போங்கள். நாளும் நேரமும் இடமும் சேருங்கள். பிரிட்டனில் 2002இல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு குழு சும்மா விடப்பட்டது. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளையும், செய்யாவிட்டால் இதயத்துக்கு வரும் கேடுகளையும் விளக்கினார்கள். மூன்றாம் குழுவுக்கும் அதே விளக்கம். கூடவே, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வைத்தார்கள். அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் எத்தனை பேர்? சும்மா விட்டவர்களில் 38 விழுக்காடு. விளக்கம் மட்டும் கேட்டவர்களில் 35 விழுக்காடு. அந்த ஒரு வாக்கியத்தை எழுதியவர்களில் 91 விழுக்காடு! விளக்கம் மட்டும் கேட்டவர்கள் ஒன்றுமே கேட்காதவர்களைவிட அதிகமாகச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தச் சொற்பொழிவைக் கேட்டுவிட்டுக் கைதட்டிவிட்டுப் போனால் நீங்களும் அந்த 35இல்தான் இருப்பீர்கள். ஆகவே ஒரு வாக்கியம் எழுதாமல் உங்களை இந்த மண்டபத்தை விட்டு அனுப்பப் போவதில்லை.

“ஐயா, நேரமில்லையே” என்று ஒரு தம்பி மனத்துக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நேரமில்லை என்பது பொய் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், போக வர நெரிசல், வீட்டில் கைக்குழந்தை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அறிவுரை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒன்று. மருத்துவர் எம். ஜெகதீசன் மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்திலும் ஓடினார். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரைக்கும் நின்றது. அவர் அளவுக்கு யாரும் ஓட வேண்டாம். உடம்புக்கான நேரம் எந்த நாளிலும் தானாக வந்து நிற்பதில்லை, இருக்கிற நேரத்திலிருந்து வெட்டி எடுத்தால்தான் உண்டு என்பதற்காக அவரைச் சொன்னேன்.

எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் 150 வந்துவிடும். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலை பத்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, இரவு பத்து, அதுவும் கணக்குத்தான். சாப்பிட்டபின் நடப்பது இனிப்பு நீர்க்காரர்களுக்குத் தனி நன்மை. சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை, அசைகிற கால் தசைகள் உடனே இழுத்துக்கொள்கின்றன. மிதமான உழைப்பு என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. பேசவே முடியாவிட்டால் வேகம் மிகுதி. இதற்குக் கருவி தேவையில்லை, காசு தேவையில்லை.

கருவி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பயனில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. ஆராய்ச்சி சொன்ன எண் இல்லை. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று வயதான பெண்களைப் பார்த்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்குச் சொல்கிறேன். பத்தாயிரத்தைக் கேட்டு மலைத்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள் அம்மா. இன்று நடப்பதைவிட ஆயிரம் அடி கூட நடந்தால் போதும், தொடங்கிவிட்டீர்கள்.

நடை மட்டும் போதுமா? போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை இரண்டு கையிலும் தூக்குங்கள். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் முதுமையில் பலரை வீழ்த்துவது குளியலறைத் தரை.

சரி, தொடங்கிவிட்டோம். விட்டுப்போனால்? விட்டுப்போகும். காய்ச்சல் வரும், மழை வரும், சாவு வீடு வரும், தீபாவளி வரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் ஒரு பழக்கம் ஊன்றுவதற்கு எவ்வளவு நாளாகும் என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே ஊன்றியது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. ஒரு நாள் கெடுக்காது! “போச்சு, எல்லாம் போச்சு” என்று நாம் சொல்கிறோமே, அதுதான் கெடுக்கிறது.

பின்வாங்குவதெல்லாம் தோல்வி இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். 1997 மே 23. எவரெஸ்டு உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். நம் பிள்ளைகள் இருவர். மலையேறுகிறவர்கள் அடிவார முகாமிலிருந்து ஒரே ஏற்றமாக உச்சிக்குப் போவதில்லை. முதல் முகாமுக்கு ஏறுவார்கள், இறங்குவார்கள். இரண்டாம் முகாமுக்கு ஏறுவார்கள், மறுபடி இறங்குவார்கள். குறைந்த காற்றுக்கு உடம்பு பழகவும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடவும் இந்த ஏற்றமும் இறக்கமும் தேவை. கீழே இருந்து பார்ப்பவனுக்கு அவர்கள் தோற்றுத் திரும்புவதாகத் தோன்றும். அந்த இறக்கமும் உச்சிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது.

அன்பர்களே, கட்டுப்பாடு நமக்குப் புதிதா? தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறோம். புலால் இல்லை, மது இல்லை, விடியற்காலைக் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு. பத்துமலையில் 272 படி, தோளில் காவடி, தலையில் பால்குடம். முடிகிறதே! எப்படி முடிகிறது? என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. வீடே சேர்ந்து செய்கிறது. யாரும் விரதக்காரனை “ஒரு நாள்தானே, சாப்பிடு” என்று வற்புறுத்துவதில்லை. நல்ல இலக்குக்கு வேண்டியவை எல்லாம் நம் விரதத்திலேயே இருக்கின்றன. ஆனால் தைப்பூசத்துக்கு மறுநாள் என்ன நடக்கிறது? அந்த 48 நாளில் உடம்பு கற்றுக்கொண்டதை ஒரே பந்தியில் மறக்க வைத்துவிடுகிறோம். விரதம் முடியட்டும், அசைவம் வரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. விடியலில் எழுந்த அந்தப் பழக்கம் ஒன்றை மட்டும் 49ஆம் நாளும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் “தே ஓ கோசோங்” என்று சொல்லப் பழகுங்கள். முதல் வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், பிறகு அடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் தனி மனிதனின் மன உறுதி மேல் தூக்கிப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நடக்கச் சொல்கிறோம், எங்கே நடப்பது? பந்திங் சாலையில் துறைமுகத்து லாரிகளின் ஓரமாகவா? காலை ஏழு மணிக்கு மேல்தான் நம் ஊரில் வெளிச்சம் வருகிறது. இருட்டில், தெருநாய்களுக்கும் வழிப்பறிக்காரர்களுக்கும் நடுவே, ஒரு பெண்ணைத் தனியாக நடக்கச் சொல்ல எனக்கு மனம் வருமா? காற்று எப்படி? சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபின், 2018இல் இதே ஜெஞ்சாரோமைச் சுற்றி அனுமதியில்லாத கழிவுத் தொழிற்சாலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக்கை எரித்தார்கள். மூச்சுத் திணறலோடு பிள்ளைகளை மருத்துவமனைக்குத் தூக்கி ஓடியவர்கள் நீங்கள். ஊர் மக்கள் திரண்டு புகார் கொடுத்தார்கள், உலகப் பத்திரிகைகள் இந்த ஊர்ப் பெயரை எழுதின, அதிகாரிகள் வந்து பல தொழிற்சாலைகளை மூடினார்கள். அந்தப் போராட்டத்தை நான் உடல்நலப் போராட்டம் என்றே சொல்வேன். சுவாசிக்கத் தகுந்த காற்றும், விளக்கு எரிகிற பாடாங்கும், நடைபாதையும் கேட்பது நம் உரிமை. சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது மட்டும் அல்ல, மற்ற நாளிலும் கேளுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நடக்காதீர்கள், வீட்டுக்குள் நாற்காலிப் பயிற்சி செய்யுங்கள்.

நாய்க்கும் இருட்டுக்கும் இன்று நம்மிடம் இருக்கிற மருந்து துணைதான். நாலு பேராகப் போங்கள். நாலு பேர் வாசலில் நின்று கூப்பிட்டால், வர மனமில்லாதவரும் சப்பாத்தைத் தேடுவார்.

சில எச்சரிக்கைகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதய நோய் உள்ளவர்களும், இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஊசி போடுகிறவர்கள் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை திடீரென இறங்கலாம். சிலிப்பர் போட்டு நடக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தால் தெரியாது, இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கம், கையிலும் தாடையிலும் வலி, தலைசுற்றல் என்றால் வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள், 999ஐ அழையுங்கள். வெயில் ஏறியபின் வேண்டாம். ஐம்பது கிலோமீட்டர் வீரரையே சாய்த்த வெயில் அது.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். இளைஞர் பகுதித் தம்பிகள் அளவு நாடா வைத்திருக்கிறார்கள், பெண்களுக்கு மாதர் பகுதிச் சகோதரிகள் அளந்து கொடுப்பார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால் போதும், நடுவில் அளக்க வேண்டாம். அதே தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யாரோடு. எழுதத் தெரியாத பாட்டிமார்கள் சொல்லுங்கள், பேரப்பிள்ளை எழுதட்டும். காலை ஷிப்ட்காரர்களுக்கு மாலை ஆறரை மணி, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாடாங். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய்மார்களுக்குக் காலை எட்டு மணி, கோவில் வளாகம், நிழல் இருக்கிற பக்கம். முதல் மாதம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாரும் நடக்க வேண்டாம், இன்னும் நடக்கத் தெம்பு இருந்தாலும் வேண்டாம். இரவு ஷிப்ட்காரர்கள் என்னிடம் வாருங்கள், உங்கள் நேரத்தை உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். நான் அந்த மேசைப் பக்கம்தான் நிற்பேன்.